அச்சமும் எழுதுகோலும்

நம்மில் பலர் ஒரு காலத்தில் எழுதியவர்கள். கல்லூரி ஆண்டு மலரில் ஒரு கவிதை, விடுதியின் கையெழுத்துப் பத்திரிகையில் ஒரு சிறுகதை, பங்குத் திருவிழா மலரில் ஒரு கட்டுரை என்று எழுதிப் பார்த்தவர்கள். பின்னர் என்றோ ஒரு நாள் அது நின்றுபோயிற்று. எந்த நாள் என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது. எவரும் நம்மைத் தடுக்கவில்லை. தாளுக்கும் மைக்கும் பஞ்சம் வந்துவிடவில்லை. 'நேரமில்லை' என்று சொல்லிக் கொண்டோம். ஆனால் பிள்ளைகள் வளர்ந்து, பணியிலிருந்து ஓய்வு பெற்று, பகற்பொழுது முழுவதும் நம் கையில் வந்த பின்னும் எழுத வரவில்லை என்றால், நேரமின்மை உண்மையான காரணம் அன்று என்பது தெளிவாகிறது.

அப்படியானால் நமக்குள் வற்றிப்போனது எது? வற்றியது மீண்டும் ஊறுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நாம் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரு சுவடு தென்படுகிறது. அறநூல்கள் அடுக்கப்பட்ட தட்டில் அன்று; பெரியவர்கள் 'இதையெல்லாம் படிக்காதே' என்று பிடுங்கி வைத்த அமானுஷ்யக் கதைகளின் தட்டில். இயற்கைக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று அன்றாட வாழ்வின் சுவரைப் பிளந்துகொண்டு எட்டிப்பார்க்கும் கதைகள் அவை. எழுதுவதை விட்டுவிட்ட ஒருவரை மீண்டும் எழுத வைக்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்று சொன்னால் நகைப்பாக இருக்கலாம். ஆயினும் அப்படி நடந்திருக்கிறது. அச்சம் தரும் ஒரு கதை எழுதும் ஆவலை எங்ஙனம் தூண்டுகிறது என்பது முதற் கேள்வி. அந்தத் தூண்டுதல் நன்மைக்குத்தானா என்பது இரண்டாவது கேள்வி. முதலாவதைவிட இரண்டாவதே கடினமானது.

ஒன்பது ஆண்டு மௌனம்

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்றொரு நகர் உண்டு. இறைப்பராமரிப்பு என்பது அப்பெயரின் பொருள். அந்நகரில் 1890ஆம் ஆண்டு பிறந்தவர் எச்.பி. லவ்கிராஃப்ட். ஊரின் பெயருக்கு மாறாக, கடவுள் நம்பிக்கை அற்றவராகவே வாழ்ந்து மறைந்தவர். அமானுஷ்யக் கதையுலகில் எட்கர் ஆலன் போவுக்கு அடுத்து அமெரிக்கா தந்த பெரும் பெயர் இவருடையதே.

இவருடைய தந்தை மனநலம் குன்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1898இல் அங்கேயே இறந்தார். தாய்வழிப் பாட்டனார்தாம் சிறுவனைத் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, தாமே புனைந்த திகில் கதைகளைச் சொல்லி வளர்த்தார். எட்டு வயதில் போவின் கதைகள் கைக்கு வந்தன. சிறுவன் கதை எழுதத் தொடங்கினான். அறிவியல், வானியல் பற்றிய சிறு இதழ்களையும் தன் கையாலேயே எழுதிப் படியெடுத்து உற்றார் உறவினருக்குக் கொடுத்தான். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்தச் சிறுவனை அடையாளம் தெரியும்.

1904இல் பாட்டனார் மறைந்தார். செல்வம் கரைந்தது, பிறந்து வளர்ந்த பெரிய வீடு கைவிட்டுப் போயிற்று. 1908இல் நரம்புத் தளர்ச்சியால் பள்ளிப் படிப்பையும் முடிக்காமல் நிறுத்த நேர்ந்தது. அதே ஆண்டில், அதுவரை எழுதியிருந்த கதைகளில் மிகச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழித்துவிட்டார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அவர் ஒரு கதையும் எழுதவில்லை.

அவர் எழுதுவதையே நிறுத்திவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர்களைப் பின்பற்றிச் செய்யுள் செய்தார், கட்டுரைகள் வரைந்தார். அச்செய்யுள்களில் யாப்பு வழுவாது. உயிர் மட்டும் இராது. கை ஓய்ந்தவர் மட்டுமே எழுத்தை இழந்தவர் என்று எண்ண வேண்டியதில்லை. கை ஓடிக்கொண்டே இருக்க, உள்ளே ஊற்று அடைபட்டுக் கிடப்பதும் உண்டு. அறிக்கைகளும் வாழ்த்து மடல்களும் ஓயாமல் எழுதும் நம்மில் சிலருக்கு இது புரியும்.

1914இல் அவர் பொழுதுபோக்கு எழுத்தாளர் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். உறுப்பினர்கள் தத்தம் செலவில் சிற்றிதழ் அச்சிட்டுத் தமக்குள் அனுப்பிப் படித்துக்கொள்ளும் சங்கம் அது. அழிவுக்குத் தப்பிய பழைய கதைகளில் ஒன்று 1916இல் அச்சங்கத்தின் இதழில் வெளிவந்தது. உறுப்பினரான டபிள்யூ. பால் குக், லவ்கிராஃப்டின் இளமைக் கதைகளைப் படித்துவிட்டு, 'நீர் கதைதான் எழுத வேண்டும்' என்று வற்புறுத்தினார். 1917 கோடையில் இரண்டு கதைகள் பிறந்தன. ஒன்பது ஆண்டு மௌனம் கலைந்தது.

பிறர் விளக்கிலிருந்து

மௌனத்தைக் கலைத்தது ஒரு நண்பரின் சொல். ஆனால் கலைந்த மௌனம் வெள்ளமாகப் பெருகியது ஒரு நூலால். 1919இன் இலையுதிர் காலத்தில் அயர்லாந்து எழுத்தாளர் டன்சேனி பிரபுவின் கதைத் தொகுதி ஒன்று லவ்கிராஃப்டின் கைக்கு வந்தது. எந்த நாட்டுப் புராணத்திலும் இல்லாத தெய்வங்களையும், எந்த நிலப்படத்திலும் இல்லாத நகரங்களையும் புதிதாகப் படைத்து, அவற்றைப் பழம் வேதத்தின் நடையில் சொன்னவர் டன்சேனி. அவ்வாண்டு அக்டோபரில் டன்சேனி பாஸ்டன் நகருக்கு உரையாற்ற வந்தபோது லவ்கிராஃப்ட் அங்கே சென்று முன் வரிசையில் அமர்ந்து கேட்டார். அடுத்த ஓராண்டில் அவரிடமிருந்து கதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

அவற்றுள் பலவும் டன்சேனியின் சாயலில் அமைந்தவை. இதை அவரே அறிந்திருந்தார். பின்னர் 1929இல் எழுதிய ஒரு கடிதத்தில், தம் கதைகளில் போவின் கதைகள் இருக்கின்றன, டன்சேனியின் கதைகள் இருக்கின்றன, தம்முடையவை என்று சொல்லத்தக்கவை எங்கே என்று மனம் நொந்து கேட்கிறார்.

இதைப் படிக்கும்போது அவர்மேல் நமக்கு இரக்கம் பிறக்கிறது. எனினும் அவர் நாணியிருக்கத் தேவையில்லை என்றே நாம் கருதுகிறோம். நெடுநாள் நோயில் கிடந்தவர் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். சுவரை விடும் நாள் பின்னால் வரும். பிறர் விளக்கிலிருந்து நம் திரியைப் பற்றவைத்துக் கொள்வதால் அவர் விளக்கு குறைவதில்லை. நம் சுடரும் பொய்யாகிவிடுவதில்லை.

இரண்டாம் முறையும் ஒரு வாசிப்பே அவருக்குக் கை கொடுத்தது. 1925இன் இறுதியில், அதே பால் குக் தம் இதழுக்காக ஒரு கட்டுரை கேட்டார். அமானுஷ்யக் கதை இலக்கியத்தின் வரலாறு என்பது பொருள். லவ்கிராஃப்ட் மாதக்கணக்கில் நூலகங்களில் அமர்ந்து பழைய கதைகள் முதல் தம் காலத்துக் கதைகள் வரை தேடிப் படித்தார். அந்த நெடுங்கட்டுரை 1927இல் வெளிவந்தது. அதற்கிடையில், 1926 கோடை தொடங்கி 1927 மார்ச் மாதத்துக்குள், அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த கதைகளிற் சிலவும் இரண்டு குறுநாவல்களும் எழுதி முடிக்கப்பட்டன. நியூயார்க்கில் துன்புற்றிருந்தவர் 1926 ஏப்ரலில் சொந்த ஊர் திரும்பிய மகிழ்ச்சியும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஊர் திரும்பியபோது அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. பல மாத வாசிப்பு அவருக்குள் நிறைந்து நின்றது.

'தெரியும்' என்னும் திரை

இனி முதற் கேள்விக்கு வருவோம். ஏன் இந்தக் கதைகளுக்கு இத்தகைய ஆற்றல்?

துப்பறியும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஒரு புதிர்; முடிவில் அதன் விடை. குற்றவாளி பிடிபட்டதும் நாம் நிறைவோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உறங்கிவிடுகிறோம். நமக்கென்று எந்த வேலையும் மிஞ்சுவதில்லை. நல்ல அமானுஷ்யக் கதை அப்படி மூடிக்கொள்வதில்லை. புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நமக்குத் தெரிந்த சான்று. அதன் கதைசொல்லி ஓர் எழுத்தாளர். வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெண் யார், பெண்தானா, பேயா, உறக்கம் வராத எழுத்தாளரின் மனம் செய்யும் மாயமா என்பதைக் கதை இறுதிவரை அறுதியிட்டுச் சொல்வதில்லை. புத்தகத்தை மூடிய பின்னும் கதவு திறந்தே கிடக்கிறது. அந்தத் திறப்பின் வழியே நம் மனம் தானாக நடக்கத் தொடங்குகிறது. அப்படி நடப்பதுதான் எழுத்தின் முதல் அடி.

லவ்கிராஃப்ட் 1927இல் எழுதிய ஒரு கதையை நோக்குவோம். வேளாண்குடி ஒன்றின் கிணற்றடியில் விண்கல் ஒன்று விழுகிறது. அதனோடு ஒரு நிறம் வருகிறது. மண்ணில் எவரும் கண்டிராத நிறம். அதை நிறம் என்று அழைப்பதுகூட வேறு சொல் கிடைக்காததால்தான். அவ்வாண்டு பழங்கள் வழக்கத்திற்கு மாறாகப் பெருத்துக் காய்க்கின்றன. வாயில் வைத்தால் கசக்கின்றன. செடி கொடிகளும் கால்நடைகளும் இற்று உதிர்கின்றன. அந்தக் குடும்பமோ அவ்விடத்தை விட்டு அகல முடியாமல் அங்கேயே ஒவ்வொருவராக அழிகிறது. அந்த நிறம் தீமை செய்ய நினைத்ததா, நினைவென்ற ஒன்று அதற்கு உண்டா என்பதும் நமக்குத் தெரிவதில்லை. இக்கதைக்கு அவர் பெற்ற ஊதியம் 25 டாலர்.

பெயரே இல்லாத ஒன்றைச் சொல்லுக்குள் கொண்டுவரும் உழைப்பை இந்தக் கதையில் பார்க்கிறோம். எழுத்தாளரின் அடிப்படை உழைப்பு அதுவே அன்றோ? நாமோ பெயருள்ளவற்றைப் பற்றியே எழுதிப் பழகிவிட்டோம். தாயின் அன்பு என்றால் கடல். குழந்தையின் சிரிப்பு என்றால் மலர். மரணம் என்றால் ஈடுசெய்ய இயலாத இழப்பு. சொற்கள் ஆயத்தமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எடுத்து வைப்பது மட்டுமே நம் வேலை. இப்படி எழுதுவதில் ஒருவருக்கு எத்தனை நாள் ஆவல் இருக்க முடியும்?

ஆகவே நமக்குள் வற்றிப்போனது சொல்வளமும் அன்று, நேரமும் அன்று. உலகம் நமக்குத் தெரிந்துவிட்டது என்ற எண்ணமே ஊற்றை அடைத்தது. மனைவியைத் தெரியும், பிள்ளையைத் தெரியும், அண்டை வீட்டாரைத் தெரியும், நம்மையே தெரியும். தெரிந்தவற்றைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அமானுஷ்யக் கதை இந்தத் திரையைக் கிழிக்கிறது. நள்ளிரவில் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து செல்லும்போது, இருபது ஆண்டுகளாக நாம் நடந்த அதே நடைவழி அந்நியமாகத் தோன்றுகிறது. பேய் உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டன்று. பழகிப்போன ஒன்றை முதன்முறை காண்பதுபோல் காணும் கண் நமக்கு ஒரு கணம் திரும்பக் கிடைக்கிறது. அந்தக் கணத்தில் கையில் எழுதுகோல் இருந்தால் நாம் எழுதுவோம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' நூலில் அச்சத்தின் வகைகளை ஆராயும் பகுதியில், வியப்பையும் அச்சத்தின் ஒரு வகையாகவே வைக்கிறார். அதை அடுத்துத் திகைப்பை வைக்கிறார். இரண்டுக்கும் இடையே அவர் காட்டும் வேறுபாடு நுட்பமானது. வியப்பவர் இப்போது தீர்ப்புக் கூறத் தயங்குகிறார். தவறிவிடுவோமோ என்று அஞ்சுகிறார். ஆனால் தொடர்ந்து தேடுகிறார். திகைத்து நிற்பவரோ இப்போது தீர்ப்புக் கூறவும் அஞ்சுகிறார், இனித் தேடவும் அஞ்சுகிறார். ஆதலால் வியப்பு மெய்யறிவுத் தேடலின் தொடக்கம். திகைப்பு அதற்குத் தடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்தக் கருத்து, அமானுஷ்யக் கதைகளை எடைபோட நமக்கு ஒரு துலாக்கோலாகிறது. படித்தவரைத் திகைக்க மட்டும் வைத்துவிட்டுப் போகும் கதைகள் உண்டு. குருதியும் அலறலுமாக அவை ஓய்கின்றன. அவற்றால் எந்த எழுதுகோலும் அசைவதில்லை. தீர்ப்பை நிறுத்திவைத்துத் தேடலைத் தொடங்கி வைக்கும் கதைகளும் உண்டு. அவையே நம்மை எழுத வைக்கின்றன.

நம்பிக்கையாளர் இத்தகைய கதைகளைப் படிக்கலாமா என்ற தயக்கம் சிலருக்கு எழுவது இயல்பே. குறி கேட்பதும் மாந்திரீகம் செய்வதும் வேறு. கதை படிப்பது வேறு. லவ்கிராஃப்ட் தம் நெடுங்கட்டுரையில் தம் காலத்தின் தலைசிறந்த ஆசிரியர்களுள் ஒருவராகப் போற்றிய ஆர்தர் மேக்கன், வேல்ஸ் நாட்டில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகனாகப் பிறந்து, இறுதிவரை நம்பிக்கையாளராக வாழ்ந்தவர். அவர் போற்றிய இன்னொருவரான எம்.ஆர். ஜேம்ஸ் விவிலியப் புறநூல்களில் பெரும் புலமை பெற்றவர். கேம்பிரிட்ஜில் கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் நண்பர்களைக் கூட்டித் தம் பேய்க்கதைகளைப் படித்துக் காட்டியவர். காணப்படாதவற்றை நம்புவோர்க்குக் காணப்படாதவை பற்றிய கதைகள் அந்நியமல்ல.

அச்சம் பகையாகும்போது

ஆயினும் இத்துடன் நாம் நிறுத்திவிட்டால் பாதி உண்மையே சொன்னவராவோம். அச்சம் எழுதுகோலைக் கையில் கொடுக்கிறது. அது என்ன எழுதும் என்பதற்கு உறுதி கொடுப்பதில்லை.

லவ்கிராஃப்ட் 1924இல் சோனியா கிரீன் என்பவரை மணந்து நியூயார்க்கில் குடியேறினார். சோனியா இன்றைய உக்ரைனிலிருந்து குடிபெயர்ந்து வந்த யூதப் பெண். கணவருக்கு வேலை கிடைக்கவில்லை. மனைவி பிழைப்புக்காக வேறு ஊர் செல்ல நேர்ந்தது. 1925இல் புரூக்ளின் பகுதியில் ஒற்றை அறையில் அவர் தனித்திருந்தார். அறைக்குள் திருடர் புகுந்து அவருடைய உடைகளைக் கொண்டுசென்றனர். தெருவெங்கும் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழை மக்கள். அவர்களைக் காணக் காண அவர் அஞ்சினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அந்த அச்சத்தையே மூலதனமாக்கி ஒரு கதை எழுதினார். அக்கதையில் அச்சத்திற்குரியது வேற்றுலகத்திலிருந்து வந்த நிறமன்று; அண்டைத் தெருவில் வாழ்ந்த அந்த மக்களே. அவர்கள் முகமும் மொழியும் வழிபாடும் தீமையின் அடையாளங்களாகக் காட்டப்பட்டன. இனவெறுப்பு அவரிடம் இளமையிலேயே இருந்தது. அங்கே அது முற்றியது. அவருடைய கடிதங்கள் இதற்குச் சான்று. அவரைப் போற்றுவோரும் இன்று இதை மறைப்பதில்லை. மறைப்பது அறமும் அன்று.

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். விண்கல்லோடு வந்த நிறத்தின் முன் 'இது என்னவென்று தெரியவில்லை' என்று பணிந்த அதே மனிதர், அண்டை வீட்டு ஏழையின் முன் 'இவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்' என்று நிமிர்ந்தார். முன்னதில் தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது; தேடல் தொடங்கியது. பின்னதில் தேடல் தொடங்குமுன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. பகை என்பது எப்போதும் ஒரு போலி அறிவு. தெரியாதவரைத் தெரிந்துவிட்டதாக எண்ணும்போதே அவரைப் பகைக்க முடிகிறது. எழுத்து வற்றுவதற்கு எது காரணமோ அதுவே பகை பிறப்பதற்கும் காரணம். 'தெரியும்' என்னும் அதே திரைதான் அது.

ஆகவே அமானுஷ்யக் கதை நமக்குள் எழுப்பும் அச்சம் ஒரு கவர்வழியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு வழி வியப்புக்குச் செல்கிறது. இன்னொரு வழி வெறுப்புக்குச் செல்கிறது. இரண்டு வழியிலும் எழுதலாம். நம் ஊர்களிலும் சாதியின் பெயரால், மொழியின் பெயரால், சமயத்தின் பெயரால் பிறரை அச்சுறுத்தும் உருவங்களாகத் தீட்டும் எழுதுகோல்கள் ஓய்ந்திருக்கவில்லை. அவற்றின் ஆவல் என்றும் குன்றுவதில்லை. ஆவல் மட்டுமே எழுத்தின் நன்மைக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

மெழுகுதிரிகள்

லவ்கிராஃப்டின் வாழ்வில் மூன்றாம் முறையும் ஊற்று வற்றத் தொடங்கியது. 1931இல் அவர் பெரிதும் உழைத்து எழுதிய நெடுங்கதையை 'வியர்ட் டேல்ஸ்' இதழ் திருப்பி அனுப்பியது. அந்தப் புண் ஆறவில்லை. அதன்பின் அவர் எழுதியவை சிலவே. அப்போது மறுபடியும் பிறர் கதையொன்று அவர் கைக்கு வந்தது. எழுதியவர் ராபர்ட் பிளாக் என்னும் பதினெட்டு வயது இளைஞர். ஹிட்ச்காக் பின்னாளில் படமாக்கிய 'சைக்கோ' நாவலை எழுதியவர் இவரே. லவ்கிராஃப்டை மனத்தில் வைத்து ஒரு கதாபாத்திரம் படைத்து, அவரைக் கதையில் கொல்வதற்கு அவரிடமே அனுமதி கேட்டிருந்தார் அந்த இளைஞர். லவ்கிராஃப்டும் வேடிக்கையாக ஓர் அனுமதிப் பத்திரம் எழுதி அனுப்பினார். கதை 1935இல் அச்சில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதற்கு மறுமொழியாக அவர் ஒரு கதை எழுதினார். தமக்கென்று தனித்து எழுதிய கதைகளில் அதுவே அவருடைய கடைசிக் கதையாயிற்று. 1937இல், 46ஆம் வயதில், குடற்புற்றுநோயால் அவர் இறந்தார்.

அந்தக் கடைசிக் கதை நாம் மறக்கலாகாதது. அதன் நாயகர் பிராவிடன்ஸ் நகருக்கு எழுத வந்த ஓர் எழுத்தாளர். அவர் அறையின் மேற்குச் சன்னல் வழியே, தொலைவில் இத்தாலியக் குடியேறிகள் வாழும் குன்றும், அதன்மேல் கைவிடப்பட்ட ஒரு கரிய ஆலயத்தின் கோபுரமும் தெரிகின்றன. லவ்கிராஃப்டின் சொந்த அறையிலிருந்தும் அக்குன்று தெரிந்தது; அந்த ஆலயத்துக்கு மாதிரியாக இருந்தது அங்கே நின்ற ஒரு கத்தோலிக்க ஆலயமே. கதையில் அந்த எழுத்தாளர் ஆர்வம் தாங்காமல் குன்றேறிச் செல்கிறார். கோபுரத்தின் உள்ளே, இருளில் மட்டும் உலவக்கூடிய, ஒளியைத் தாங்க முடியாத ஏதோ ஒன்றை அறியாமல் விழிக்கச் செய்துவிடுகிறார். பின்னர் ஒரு நள்ளிரவில் பெரும் புயல் வீசுகிறது. நகரின் மின்விளக்குகள் அணைகின்றன. அப்போது அந்த ஏழை இத்தாலிய மக்கள் கொட்டும் மழையில் வீட்டைவிட்டு வெளியே வந்து, மெழுகுதிரிகளையும் விளக்குகளையும் குடைகளால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோபுரத்தைச் சூழ்ந்து நின்று மன்றாடுகிறார்கள். இருளுக்கும் நகருக்கும் இடையே அந்தச் சிறு சுடர்களே அரணாக நிற்கின்றன. மறுநாள் அந்த எழுத்தாளர் தம் சன்னலருகே இறந்துகிடக்கக் காண்கிறார்கள். அவர் கையில், முனை ஒடிந்த எழுதுகோல்.

பத்தாண்டுகளுக்கு முன் குடியேறிய ஏழைகளையே இருளாகத் தீட்டிய அதே கை, இப்போது அத்தகைய ஏழைகளின் கையில் விளக்கைக் கொடுத்தது. அவர் மனம் முற்றிலும் மாறிவிட்டது என்று சொல்லத் துணிய மாட்டோம். இக்கதையிலும் அம்மக்களைப் பேதையர் என்று நோக்கும் பார்வை முழுதும் அகலவில்லை. ஆயினும் கதைக்குள் உண்மையை அறிந்திருந்தவர்கள் அவர்களே. கற்றறிந்த எழுத்தாளர் அல்லர். அவருடைய கருத்துகள் ஏற்றுக்கொள்ள மறுத்ததை அவருடைய எழுத்து ஒப்புக்கொண்டது. தன் சன்னலிலிருந்து நாள்தோறும் ஒரு குன்றைத் தீர்ப்பின்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால், அங்கே வாழ்பவர்களும் ஒருநாள் கண்ணில் படத்தான் செய்வார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

எழுதுவதை விட்டுவிட்ட நமக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? நாமும் திகில் கதை எழுத வேண்டும் என்பதன்று. அச்சம் தரும் ஒரு நல்ல கதையை ஓர் இரவில் படிப்போம். படித்து முடித்ததும் வானொலியையோ தொலைக்காட்சியையோ திருப்பாமல், சற்று நேரம் அமைதியாக இருப்போம். நம் வீட்டிலேயே, நம் குடும்பத்திலேயே நமக்குத் தெரிந்துவிட்டது என்று எண்ணி நாம் பார்க்காமல் விட்டவை எத்தனை! எவரும் பேசாத ஓர் அத்தையின் மங்கிய நிழற்படம் இருக்கலாம். அப்பா இறுதி நாள்களில் யாரையோ பெயர் சொல்லி அழைத்தது நினைவுக்கு வரலாம். நாள்தோறும் நம் வாசலைக் கடந்து போகும், பெயர் கேட்டறியாத ஒரு முதியவர் இருக்கலாம். அவற்றுள் ஒன்றைப் பற்றிப் பத்து வரி எழுதுவோம். ஆயத்தமாகக் கிடக்கும் சொற்களை எடுக்காமல், தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுவோம்.

எழுதியதை மறுநாள் படிக்கும்போது நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வோம்: இதில் நாம் யாருக்காவது தீர்ப்பு எழுதிவிட்டோமா? எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அவரை இன்னொரு முறை சென்று பார்த்துவிட்டு வருவோம். ஊற்று அங்கேதான் திறக்கும்.